வானம் தெளியுமா என்று யாரைக் கேட்பது?

டிசம்பர் 13, 14ஆம் திகதி இரவுகளில் ஜெமினிட்ஸ் விண்கல் மழை உச்சம் தொடும். வருடத்தின் மிகச் செழிப்பான விண்கல் மழைகளில் அது ஒன்று. நள்ளிரவு கழிந்து இரண்டு மணியளவில்தான் மிதுன நட்சத்திரக் கூட்டம் வானில் நன்கு உயர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் வெளியே நிற்க ஒரு பெண்பிள்ளைக்கு முதலில் வேண்டியது வீட்டாரின் அனுமதி; தொலைநோக்கி தேவையே இல்லை. ஆசிரியை வர வேண்டும், வாகனம் பேச வேண்டும், வாப்பாவோ நானாவோ கூட நிற்க வேண்டும். ஒரு முறை மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுத்த முறை கேட்க வாய் வராது.

கைத்தொலைபேசியில் மழைக்கு வாய்ப்பு 20 வீதம் என்று கண்டதும் வானம் தெளிவு என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். மழைக்கும் மேகத்துக்கும் கணக்கு வேறு. ஒரு துளியும் விழாமலே இரவு முழுக்க வானம் மூடிக் கிடக்கலாம். தவிர, அந்தச் செயலிகளில் பெரும்பாலானவை உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் சில கணினி மாதிரிகளையே நம்பியிருக்கின்றன. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர், அமெரிக்க மாதிரியினது 13. வத்தேகம நகரும் பன்விலப் பக்கத்து மலைச்சரிவும் ஒரே கட்டத்துக்குள் விழலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஏற்ற இறக்கமெல்லாம் அங்கே மழுங்கிப் போகிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நமக்கு மேகம் வருவதும் வராததும் அந்த மலையைப் பொறுத்தது. மூன்று செயலிகள் ஒரே பதிலைச் சொன்னால் மூன்று சாட்சி கிடைத்ததாக எண்ணவும் கூடாது. மூன்றும் ஒரே மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் எப்போதும் "சில இடங்களில் மழை" என்றுதானே சொல்கிறது என்று கேலி செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நுவரெலியாவின் குளிரும் தம்புள்ளையின் வரட்சியும் மத்திய மாகாணம் என்ற ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. அவர்கள் வேறெப்படிச் சொல்ல முடியும்? வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று அவர்கள் அறிவித்தால் பயணத்தை அன்றே தள்ளிவைக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

போகும் நாளின் மாலையில் நான் அதிகம் நம்புவது செய்மதிப் படத்தை. இந்தியாவின் இன்சாட் படங்கள் அரை மணிக்கொரு முறை வருகின்றன. அடுத்தடுத்து நாலைந்தைப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பிடிபடும். ஆனால் இருட்டிய பின் கிடைப்பது வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்புப் படம். அதில் உயரத்துக் குளிர்ந்த மேகம் வெள்ளையாகத் தெரியும். பள்ளத்தாக்கில் படியும் மூடுபனியோ தரையின் வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். மழை ஓய்ந்த பிறகு வரும் தெளிந்த, காற்றில்லாத இரவில்தான் அந்த மூடுபனி அதிகம் என்பது வேடிக்கை. இதைச் செயலியைவிடத் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்பது மேல்.

பிறை பார்க்கும் மாலையில் நம் ஊரில் மேகம் என்றாலும் இன்னோர் ஊரில் கண்ட செய்தி வந்து சேரும். விண்கல்லுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு திகதிக்கு அனுமதி தராதீர்கள். 12, 13, 14 ஆகிய மூன்று இரவுகளில் ஏதாவது ஒன்றுக்குத் தாருங்கள். எந்த இரவு என்பதை அன்றன்று அஸர் தொழுகைக்குப் பின் படங்களைப் பார்த்து, ஆசிரியையோடு பேசி முடிவெடுக்கிறோம். மூன்று நாளும் மூடியிருந்தால் பயணம் இல்லை என்று நாங்களே வந்து சொல்லிவிடுவோம். வாகனக்காரரிடமும் இப்படியே பேசி வைக்கலாம்.