நிற்கிற விமானமும் எங்கள் வாசலில் நிற்கிற வாகனமும்

 

துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்து உறவுகளுக்கு இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறோம். வாகனத்தை ஸ்டார்ட் பண்ணவென்று பூட்டியிருக்கும் பற்றரியில் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி போடுவதையும், கரண்ட் இல்லாத இரவில் விடிய விடிய லைற் எரிப்பதையும் நாங்கள் எல்லாரும் நிறுத்த வேண்டும். சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். இதைவிடச் சின்னப் பற்றரியை வைத்துக்கொண்டு வானத்தில் பறக்கிறவர்கள் அதை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. வைத்தியத்துக்கும் சொந்தங்களைப் பார்க்கவும் எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் அதில் போய் வருகிறார்கள். அந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம். பெரிய ஜெட் விமானங்களின் வாலுக்குள், தரையில் நிற்கும்போது மின்சாரம் தரவென்றே ஒரு சின்ன என்ஜின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது இல்லை. பதிலாக வலது பக்கக் காற்றாடியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, அந்த என்ஜினை மட்டும் ஓடவிட்டு உள்ளே மின்சாரமும் காற்றும் எடுக்கலாம். இல்லாவிட்டால் வெளியிலிருந்து வயர் கொண்டுவந்து பூட்டுவார்கள். எப்படியோ, பயணிகள் ஏறி அமரும் நேரம் முழுவதும் பற்றரியைக் கரைத்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

சின்ன விமானத்தில் இந்த விசயம் இன்னும் தெளிவு. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் உலகம் எங்கும் அதிகம் ஏறுவது செஸ்னா 172 என்ற நாலு பேர் இருக்கும் விமானத்தில்தான். 1950களில் வந்த மாதிரி, இன்றுவரை 40,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். புதியவற்றில் 24 வோல்ற் பற்றரி, 28 வோல்ற் ஆல்ட்டனேட்டர். எங்கள் வாகனங்களில் 12 வோல்ற் பற்றரி, 14 வோல்ற் சார்ஜ். அதே ஈய அமிலப் பற்றரிதான், இரட்டிப்பு அவ்வளவே.

அந்தப் பற்றரிக்கு இரண்டு வேலை. ஒன்று, என்ஜினைச் சுழற்றுவது. இரண்டாவது, பறக்கும்போது ஆல்ட்டனேட்டர் செத்துப்போனால், இறங்க இடம் தேடும்வரை வானொலித் தொடர்பையும் திசை காட்டும் கருவிகளையும் உயிரோடு வைத்திருப்பது. அதற்குப் பொதுவாகக் கணக்கு வைக்கும் நேரம் அரை மணித்தியாலம்.

இந்த விமானங்களில் புதியவற்றில் முன்பு இருந்த முள் மணிக்கூடுகள் பெரும்பாலும் இல்லை. பெரிய திரைகள்தான். பழகுகிறவர் அவற்றின் முன்னால் இருந்து மணிக்கணக்காக அமுக்கிப் பழக வேண்டும். என்ஜின் ஓடாமல் திரைகளைப் போட்டால் மின்சாரம் பற்றரியிலிருந்துதான் வரும். 15 அம்பியர்-மணி பற்றரியில் 15 அம்பியர் எடுத்தால் மிஞ்சிப்போனால் ஒரு மணித்தியாலம். இது எங்கள் தரம் 10 பிள்ளைகளும் செய்யும் கணக்கு.

அதனால் தரையில் பழகும்போது விமானத்தின் பக்கத்தில் ஒரு மின்வழங்கியை வைத்து, வெளி மின் பூட்டும் துளையில் செருகுகிறார்கள். அந்தச் செருகியில் மூன்று முனை. இரண்டு தடித்தவை, ஒன்று மெல்லியதும் கட்டையானதும். கட்டை முனை கடைசியாகத்தான் தொடும், கழற்றும்போது முதலில் விட்டுவிடும். அது தொட்ட பிறகுதான் உள்ளே இருக்கும் ரிலே மூடி மின்சாரத்தை விடும். ஆகவே தடித்த முனைகளில் பொறி பறக்காது.

மின்வழங்கியும் கண்டபடி ஒன்று அல்ல. வோல்ற்றை ஏறி இறங்கவிடாமல் ஒரே சீராகத் தருவதாக இருக்க வேண்டும். மலிவான பற்றரி சார்ஜரை நேரே பூட்டினால் வோல்ற் துள்ளும், விலை கூடிய திரைகள் அடிபட்டுப் போகும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதும் வோல்ற் விழுந்து எழும்பும் என்பதால் முதலில் வானொலி போன்ற மின்னணுக் கருவிகளை நிறுத்திவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பற்றரி முழுதாக இறங்கியிருந்தால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு உடனே பறக்கக்கூடாது. கழற்றிச் சார்ஜ் ஏற்றி, சரியா என்று பார்த்த பிறகுதான். ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காக அந்த அரை மணித்தியாலம் பற்றரிக்குள் திரும்பி வந்துவிடாது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

வன்னிக்குப் பற்றரியின் அருமை சொல்லித்தரத் தேவையில்லை. யுத்த காலத்தில், பொருளாதாரத் தடையில், ரோர்ச் பற்றரிக்கே தடை இருந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றிச் செய்தி கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் அப்போது புத்தளம் பக்கத்தில் இடம்பெயர்ந்து இருந்த பிள்ளைகள். இங்கே வந்து படிப்பிக்கத் தொடங்கிய பிறகு பெரியவர்களிடம் கேட்டு அறிந்தது இது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை எல்லாரும் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க ஒரே அடியாக இருண்டதையும் கண்டோம். இல்லாத நேரத்தில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிற கெட்டித்தனம் எங்கள் மக்களிடம் நிறைய உண்டு. அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கெட்டித்தனம் பழக்கமாகிவிட்டது. இப்போது கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி, பள்ளிவாசல் கூட்டம், கோயில் திருவிழா, எதுவென்றாலும் வானின் பொனற்றைத் திறந்து இரண்டு கிளிப் போட்டால் சரி என்று ஆகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். வானில் 60 அம்பியர்-மணி பற்றரி என்று வைப்போம். ஒலிபெருக்கியும் நாலு லைற்றும் சேர்ந்து 10 அம்பியர் இழுத்தால் மூன்று மணித்தியாலத்தில் அரைவாசி போய்விடும். பற்றரி பழையதென்றால் அதற்கு முன்பே. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12.2 காட்டினால் பாதி முடிந்தது என்று அர்த்தம். டீசல் என்ஜினைச் சுழற்ற அந்தப் பாதி போதாமல் போகலாம்.

சேதம் அன்றைக்கு மட்டும் அல்ல. ஸ்டார்ட் பண்ணும் பற்றரியின் ஈயத்தகடுகள் மெல்லியவை. சில விநாடிக்குப் பெரிய மின்னோட்டம் தரச் செய்தவை, ஆழமாக இறங்கி ஏறச் செய்தவை அல்ல. இறங்கியபடி விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேற்று கட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. மூன்று நாலு வருசம் ஓடவேண்டிய பற்றரி ஒரு வருசத்தில் கடைக்குப் போகும்.

பணத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. எங்கள் ஒழுங்கைகளில் இரவு பத்து மணிக்குப் பிறகு நிற்கும் வாகனங்கள் எத்தனை? பாம்பு கடித்தவரையோ பிரசவ வலி எடுத்த பிள்ளையையோ மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட அயலில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு வான், அல்லது ஒரு ஓட்டோ. அந்தப் பற்றரியில் மிச்சம் இருக்கும் சார்ஜ் வாகனக்காரருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. எங்கள் பேச்சில் அதை அமானிதம் என்போம். இன்னொருவருக்காக எங்கள் கையில் பத்திரமாக இருப்பது. விமானத்தின் அந்த அரை மணித்தியாலமும் அப்படித்தான்.

"என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே பாட்டுப் போடலாம்தானே?" என்று கேட்பீர்கள். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜின் தரும் சார்ஜ் குறைவு, எண்ணெய்ச் செலவோ கூட. பந்தலுக்குப் பக்கத்தில் புகையும் சத்தமும் வேறு. அடைத்த கொட்டிலுக்குள் என்றால் புகை ஆளையே கொல்லும்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்தானே?" ஓட்டோவை இரண்டு பேர் தள்ளலாம். மழை நாளில் சேற்றுக்குள் நிற்கும் வானை யார் தள்ளுவது?

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு ஊரிலும் பொதுவாக ஒரு தனி மின் ஏற்பாடு இருக்கட்டும். சோலாருக்கு விற்கும், ஆழமாக இறங்கி ஏறத் தாங்கும் பற்றரி ஒன்று, அதற்கேற்ற நல்ல சார்ஜர் ஒன்று, வோல்ற் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று. லித்தியம் பற்றரி வாங்கினால் அதற்கென்று உள்ள சார்ஜரையே வாங்குங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகமோ பொறுப்பெடுத்து, நிகழ்வுக்குச் சின்னத் தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, அடுத்த முறை ஊருக்கு ஒலிபெருக்கி அனுப்ப நினைத்தால் அதை ஓட்டும் பற்றரிக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

அதுவரைக்கும் வாகனப் பற்றரியை விட்டால் வழியில்லை என்றால், மீற்றரைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.2க்கு வந்தால் கழற்றிவிடுங்கள். பெரிய லொறி, பஸ் பலவற்றில் இருப்பது 24 வோல்ற். அதிலிருந்து 12 வோல்ற் வாகனத்துக்கு வயர் போடவே வேண்டாம். பற்றரிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு ஈய அமிலக் கலத்தைப் படம் கீறிப் படிப்பிக்கிறோம். பரீட்சையில் புள்ளியும் எடுக்கிறார்கள். அதே பிள்ளைகள் பின்னேரம் வீட்டு வாகனத்தில் கிளிப் போடுகிறார்கள். படித்தது வாசலில் நிற்கும் வானுக்கும் பொருந்தும் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை, வீட்டில் பெரியவர்களின் வேலையும். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். கூப்பிட்டால் மீற்றருடன் வருவோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.