20 மில்லிஆம்பியருக்கு மேல் என்ன நடக்கிறது?

துணை மின்நிலையத்தில் பாதுகாப்பு ரிலேவுக்கு அமைவுகளை இடும் பொறியாளர், மிகைமின்னோட்ட எல்லையையும் தூரக் காப்பின் மண்டலங்களையும் பலமுறை கணக்கிட்டுச் சரிபார்க்கிறார். அதே ரிலேவிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் 4–20 மில்லிஆம்பியர் அனலாக் வெளியீட்டுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. தயாரிப்பாளர் இட்டனுப்பிய மதிப்பே அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. ரிலே தவறாகச் செயல்பட்டால் அன்றே விசாரணை தொடங்கும். வெளியீட்டின் அளவுகோல் தவறாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்பதில்லை. இது சிறு குறை என்று தள்ளத்தக்கதன்று.

அதிர்வெண் நல்ல எடுத்துக்காட்டு. 2023ஆம் ஆண்டின் இந்திய மின்கட்டமைப்பு விதித்தொகுப்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை வகுத்துள்ளது. அதன் அகலம் 0.15 ஹெர்ட்ஸ். வெளியீட்டின் வீச்சு 45–55 ஹெர்ட்ஸ் என்று அமைக்கப்பட்டால், 16 மில்லிஆம்பியர் 10 ஹெர்ட்ஸுக்குப் பங்கிடப்படுகிறது. பட்டை முழுவதும் 0.24 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். வெளியீட்டின் துல்லியம் முழு அளவில் ஒரு விழுக்காடு எனக் கொண்டால், பிழையே இருபுறமும் 0.2 மில்லிஆம்பியர். கட்டுப்பாட்டு அறையில் தெரிவது அதிர்வெண்ணா, பிழையா என்று பிரித்தறிய வழியில்லை. வீச்சை 49–51 எனக் குறுக்கினால் பட்டைக்கு 1.2 மில்லிஆம்பியர் கிடைக்கும். ஆனால் தாழ் அதிர்வெண் சுமைநீக்கத்தின் கடைசிப் படி 48.8 ஹெர்ட்ஸ். மின்கட்டமைப்பு அந்த நிலைக்குச் சரியும்போது வெளியீடு 4 மில்லிஆம்பியரில் ஒட்டிக்கொண்டு, 49 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 48–52 என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வு, பட்டைக்கு 0.6 மில்லிஆம்பியர். இதைத் தீர்மானிக்கக் கருவியின் கையேடு போதாது, மின்கட்டமைப்பின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும்.

மின்திறனில் திசையும் சேர்ந்துகொள்கிறது. ரிலே −500 முதல் +500 மெகாவாட் வரை அமைக்கப்பட்டிருக்க, மறுமுனையில் ஸ்காடா தரவுத்தளத்தை நிரப்பியவர் 0–500 என்று எண்ணிக்கொண்டால், வழியில் எதுவுமே பாயாதபோது திரையில் 250 மெகாவாட் தெரியும். 250 மெகாவாட் உள்ளே வரும்போது 125 மெகாவாட் வெளியே செல்வதாகத் தெரியும். இரு பொறியாளர்களும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். ஒருவர் தாள் மற்றவர் மேசைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வாளர்களை நேரடியாகத் தொடும் பகுதி மேல் எல்லை. 20 மில்லிஆம்பியர் என்பது 1000 ஆம்பியர் என அமைந்த வழியில் 1200 ஆம்பியர் பாய்ந்தால், பதிவு 1000 அருகிலேயே தட்டையாக நிற்கும். அந்தத் தரவைப் பெற்று முன்கணிப்பு மாதிரி அமைக்கும் மாணவர், உச்சச் சுமை அங்கே நிலைத்துவிட்டதாகவே படிப்பார். புறம்பான மதிப்புகளைக் களையும் நிரல் இதைப் பிடிக்காது. தட்டையான கோட்டில் புறம்பானது எதுவுமில்லை. கீழ் எல்லையிலும் இதே கதை. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும் என்பதற்காகவே சுழியம் 4இல் வைக்கப்பட்டது. 4க்குக் கீழ் வருவதையெல்லாம் சுழியமாக்கிவிடும் மென்பொருள், அறுந்த கம்பியையும் ஓய்ந்திருக்கும் வழியையும் ஒன்றாக்கிவிடுகிறது.

2012 ஜூலை 30 அதிகாலையில் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் வழி, பழுது ஏதுமின்றியே துண்டிக்கப்பட்டது. மிகுந்த சுமையும் தாழ்ந்த மின்னழுத்தமும் தூரக் காப்பின் மூன்றாம் மண்டலத்துக்குப் பழுதுபோலத் தோன்றின. வட மின்கட்டமைப்பு சரிந்தது. அந்நிகழ்வை அனலாக் வெளியீட்டின் தலையில் கட்டுவது முறையன்று. ஆயினும் அத்தகைய நிமிடங்களில் ரிலே உண்மையான மின்னோட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. மனிதரோ திரையிலுள்ள எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார். சுமை ஏற ஏற அந்த எண் நின்றுவிடுமானால், அது தேவைப்படும் வேளையில்தான் பயனற்றுப்போகிறது.

ஐஇசி 61850 வந்துவிட்டது, இனி மில்லிஆம்பியர் எதற்கு என்று சிலர் கேட்பர். பழைய நிலையங்களும் ஆலைகளும் இன்னும் செப்புக் கம்பியில்தான் பேசுகின்றன. டிஜிட்டல் நெறிமுறைக்கு மாறிய இடத்திலும் சிக்கல் முற்றாக ஒழியவில்லை: ஐஇசி 104இல் இயல்பாக்கிய மதிப்பாக அனுப்பினால், முழு அளவு எது என்பதை இரு முனைகளும் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

ரிலே ஆய்வகத்தில் மாணவர்கள் மின்னோட்டத்தைச் செலுத்தித் துண்டிப்பு நேரத்தைக் குறிக்கிறார்கள். பின்புற முனையத்தில் மில்லிஆம்பியர் மீட்டரை வைக்கச் சொல்லும் பயிற்சி அரிது. களத்திலும் வெளியீட்டின் வீச்சு ரிலே அமைவுத் தாளிலேயே எழுதப்பட வேண்டும். செயல்தொடக்கத்தின்போது 0, 25, 50, 75, 100 விழுக்காடு என ஐந்து புள்ளிகளிலும், எதிர்த்திசையில் ஒருமுறையும், முழு அளவைத் தாண்டி ஒருமுறையும் செலுத்தி, கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும் எண்ணைத் தொலைபேசியில் கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். அதற்குரிய சோதனைக் கருவி அன்று எப்படியும் அங்கேதான் இருக்கும்.