ஒண்ணாங்கிளாஸும் மூணாங்கிளாஸும் ஒரே பாயில் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு சின்ன அரசுத் தொடக்கப் பள்ளியைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். "அங்க ஒண்ணாங்கிளாஸ், மூணாங்கிளாஸ் எல்லாத்தையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. புள்ளைங்க என்னத்த படிக்கும்?" அப்புறம் என்ன... அடுத்த ஜூன் மாதம் பிள்ளை டை கட்டிக்கொண்டு வேன் ஏறிவிடும். அப்பாவின் சம்பளத்தில் ஒரு பங்கு பீஸாகப் போகும்.

இந்தப் புகாரில் பாதி நியாயம், பாதி மூடநம்பிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் வம்பு.

முதலில் மூடநம்பிக்கை. ஒரே வகுப்பில் இருப்பதெல்லாம் ஒரே வயதுப் பிள்ளைகள் என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு ஜூலை 31 என்று ஒரு கோடு இருக்கிறது. ஆகஸ்ட் 1-ல் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜூலை 31-ல் பிறந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும். அஞ்சு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருட வித்தியாசம் என்றால் அது வாழ்ந்த வாழ்க்கையில் அஞ்சில் ஒரு பங்கு! ஆக, எல்லா வகுப்பும் கலப்பு வகுப்புதான். சில பள்ளிகள் அதை ஒத்துக்கொள்கின்றன, சில பள்ளிகள் ஒரே யூனிபார்ம் போட்டு மறைத்துவிடுகின்றன.

இந்தப் பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. தொழிற்பேட்டையிலும் கட்டட வேலையிலும் பிழைக்க வந்த வெளிமாநிலக் குடும்பங்கள் இங்கே அதிகம. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வரும் ஒன்பது வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் "அ" என்ற எழுத்தையே பார்த்திராத பிள்ளை நாலாங்கிளாஸ் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பக்கத்தில் எழுத்துப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்தால் அதற்கு ஒரு வழி பிறக்கும்.

அடுத்து, அதே சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 1 முதல் 5 வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் ஆசிரியர் இரண்டு பேர். 61 முதல் 90 வரை என்றால் மூன்று பேர். அஞ்சு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்! அதாவது சின்னப் பள்ளியில் வகுப்புகள் கலந்துதான் இருக்கும் என்று சட்டமே முடிவு செய்துவிட்டது. கேள்வி, கலக்கலாமா வேண்டாமா என்பதல்ல. திட்டம் போட்டுக் கலக்கிறோமா, இல்லை ஆள் இல்லாமல் கும்பலாக அடைத்து வைக்கிறோமா என்பதுதான்.

இது ஒன்றும் புதுசு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான். பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பையன்களுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். சென்னை எழும்பூரில் ராணுவ அனாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் பின்பற்றினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் முறையை அங்கே வளர்த்தார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அதில் கோளாறும் இருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார் போதும், செலவு மிச்சம் என்று அதைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் கோளாறை மறக்கக் கூடாது. பின்னால் வருகிறது.

1939-ல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். போர் காரணமாக அவர் இந்தியாவில் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைப்பது அவருடைய முறையின் அடிப்படை. இன்று சென்னையில் "மாண்டிசோரி" என்று போர்டு மாட்டிய பள்ளிக்கு வரிசையில் நின்று காசு கட்டுகிறார்கள். அங்கே வயது கலந்தால் "குழந்தை மையக் கல்வி". ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கலந்தால் "என்னத்த படிக்கும்?" இது என்ன நியாயம்?

சரி, அரசுப் பள்ளியில் நடக்காது என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள் உருவாக்கிய முறைதான் அதற்கு முன்மாதிரி. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். சுவரில் கற்றல் ஏணி. குழந்தை தன் படி எது என்று பார்த்து, தானே அட்டையை எடுத்துக்கொள்ளும். முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளும் பாயில் குழுக்களாகக் கலந்து உட்கார்ந்தார்கள். ஒரு குழுவுக்கு முழுக்க ஆசிரியர் துணை, இன்னொன்றுக்குச் சக மாணவர் துணை, மற்றொன்று தானே படிப்பது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. 2007-08-ல் இது மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. நாலு நாள் லீவு போட்ட பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். கூலி வேலைக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

பிறகு பாடத்திட்டம் மாறியது, புத்தகம் மாறியது, ஏணி இறங்கிவிட்டது. 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் "எண்ணும் எழுத்தும்" தொடங்கியபோது 1 முதல் 3 வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். வகுப்பு எண்ணைவிடப் பிள்ளை நிற்கும் படி முக்கியம் என்ற அதே பாடம்தான், வேறு பெயரில்!

இனி எதிர்த்தரப்புக்கு வருவோம்.

"பெரிய பிள்ளை பின்தங்கிவிடும்." சும்மா உட்கார வைத்தால் பின்தங்கும். கழித்தலில் கடன் வாங்குவதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு அது ஜென்மத்துக்கும் மறக்காது. ஆனால் அதற்கான அடுத்த பாடம் தயாராக இருக்க வேண்டும்.

"பெரிய பசங்க அடிப்பாங்க." ஒரே வயதுப் பசங்க அடித்துக்கொள்வதில்லையா? வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின் கீழ்தானே வளர்கிறார்கள்?

"டீச்சருக்கு முடியாது." இதுதான் உண்மையான எதிர்ப்பு. புகாரின் நியாயமான பாதியும் இதுதான். இரண்டு பேரில் ஒருவர் மீட்டிங்குக்கும் கணக்கெடுப்புக்கும் போய்விட்டால் மற்றவர் அஞ்சு வகுப்பையும் மேய்க்க வேண்டும். அட்டை கிழிந்தால் புதுசு வராது. பதிவேடு நிரப்பவே பாதி நாள் போகும். இந்த நிலையில் பெரிய பிள்ளைகளை வாத்தியாராக்குவது கற்றல் இல்லை, சம்பளம் மிச்சம் பிடிப்பது. பெல்லின் முறையைக் கெடுத்த அதே கோளாறு.

ஆகவே பெற்றோர் சண்டை போட வேண்டும். ஆனால் சரியான விஷயத்துக்கு. "ஏன் கலந்து உட்கார வெச்சீங்க?" என்று கேட்காதீர்கள். "மூணாவது டீச்சர் எங்கே? அட்டை எங்கே? இருக்கிற டீச்சரை ஏன் வேறு வேலைக்கு இழுக்கிறீர்கள்?" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்பதும் அதே 2009 சட்டம்தான்.

ஒவ்வொரு பிள்ளையாக வேன் ஏறப் ஏறப் பள்ளியில் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் மிச்சமிருக்கும் பிள்ளைகள் இன்னும் மோசமாகக் கலக்கப்படுவார்கள். கடைசியில் அந்தப் பாயில் மிஞ்சுவது பீஸ் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான்.