பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஸ்வாப் என்ன தப்பு செய்தது?

லினக்ஸ் லேப்டாப்பில் 3 ஜிபி படம் ஒன்றைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்தால் மௌஸ் திக்குகிறது, பிரவுசர் உறைகிறது. "காப்பி முடிந்தது" என்று திரை சொன்ன பிறகும் பென் டிரைவைக் கழற்ற முடிவதில்லை. இணையத்தில் இதற்குக் கிடைக்கும் கைவைத்தியம் ஒன்றுதான்: ஸ்வாப்பை நிறுத்து!

இது தப்பான வைத்தியம். நோய் இருப்பது வேறு இடத்தில்.

ஒரு புரோகிராம் கோப்பில் எழுதுவது நேராக டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் 'டர்ட்டி' பக்கங்களாகத் தங்கும். அவற்றைக் கெர்னல் பிறகு சாவகாசமாக எழுதும். எவ்வளவு தங்கலாம்? எளிதில் விடுவிக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதம் சேர்ந்ததும் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதும் புரோகிராமையே பிடித்து நிறுத்தும்.

இங்கேதான் வில்லங்கம். 16 எம்பி நினைவகத்தில் 20 சதவீதம் என்பது 3 எம்பிதான். இன்று 15 ஜிபி கையிருப்பு உள்ள கணினியில் அதே 20 சதவீதம் 3 ஜிபி! விநாடிக்கு 5 எம்பி எழுதும் மலிவான பென் டிரைவ் அதை எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். 2008 இல் வந்த 2.6.24 முதல் கருவிக்குக் கருவி பங்கு பிரிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பென் டிரைவ் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் பங்கு கேட்க வேறு ஆள் ஏது?

இந்த நேரத்தில் ஸ்வாப்பையும் நிறுத்தினால்? டர்ட்டி பக்கத்தை எழுதாமல் தூக்கி எறிய முடியாது. புரோகிராம்களின் சொந்தத் தரவை வைக்க வேறு இடம் இல்லை. நினைவகம் போதாதபோது மிஞ்சுவது, டிஸ்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய பக்கங்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோடும் அதில் அடக்கம்! அதை எறிவதும் உடனே திரும்பப் படிப்பதுமாகக் கணினி இன்னும் திணறும்.

ஸ்வாப்பினஸ் 60 என்றால் நினைவகம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்பதும் கட்டுக்கதையே. கோப்புப் பக்கங்களை எறிவதா, புரோகிராம் தரவை ஸ்வாப்புக்கு அனுப்புவதா என்பதில் எந்தப் பக்கம் சாய்வது என்று சொல்லும் தராசு அது. 2020 இல் வந்த 5.8 முதல் அது 200 வரைகூடப் போகும். சதவீதமாக இருந்தால் 200 எப்படி வரும்?

கெர்னல்காரர்களுக்கு இது தெரியாதா? தெரியும். சதவீதத்துக்குப் பதில் பைட் கணக்கில் வரம்பு வைக்கும் வசதி 2009 இலேயே 2.6.29 இல் வந்துவிட்டது. 2013 இல் இதே பென் டிரைவ் புகார் எழுந்தபோது, சதவீதக் கணக்கு சின்ன நினைவகக் காலத்துச் சரக்கு என்று லினஸ் டோர்வால்ட்ஸே ஒப்புக்கொண்டார். இருந்தும் கெர்னலின் இயல்பு அமைப்பு இன்னும் அதே 10, அதே 20!

பெரிய வரம்பால் லாபம் உண்டு என்பார்கள். உண்மை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப மாற்றும் சர்வருக்கும், எழுதியவுடன் அழியும் தற்காலிகக் கோப்புக்கும் டிஸ்க் வேலை மிச்சம். அதற்காகப் பென் டிரைவுக்கும் அதே அளவுகோலா? ஒவ்வொரு கருவியும் விநாடிக்கு எவ்வளவு எழுதுகிறது என்று கெர்னல் ஏற்கெனவே அளக்கிறது. சில விநாடிகளில் எழுதி முடிக்கக்கூடிய அளவே அந்தக் கருவியின் வரம்பு என்று வைத்தால் போதுமே.

அதுவரை, டர்ட்டி பைட்ஸை 48 எம்பி, டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸை 16 எம்பி என்று வைத்தாலே சாதாரண லேப்டாப் மூச்சு விடும். ஸ்வாப் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்!