கீரையில் நைட்ரேட் - பழி மட்டும் நமக்கா?



கீரையில் நைட்ரேட் ஏறிப்போச்சு என்று பேச்சு கிளம்பினால் எல்லோரும் கை நீட்டுவது நம்மை நோக்கித்தான். "யூரியாவைக் கொட்டுறாங்க" என்கிறார்கள். கொட்டுகிறோம்தான், மறைக்கவில்லை. ஏன் கொட்டுகிறோம் என்று கேட்கத்தான் நாதியில்லை.

முளைக்கீரை 25 நாள் பயிர். வெளுத்த கட்டை வியாபாரி தொடமாட்டார். பச்சைப் பசேலென்று இருக்கணும். அதனால் பறிக்க நாலு நாள் இருக்கையில் ஒரு கை யூரியா வீசித் தண்ணீர் கட்டுகிறோம். கோளாறு அங்கேதான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணில் அது நைட்ரேட்டாக மாறி வேர் வழியே ஏறுகிறது. அதைப் புரதமாக்க இலைக்கு வெயிலும் வேண்டும், நாளும் வேண்டும். ஐப்பசி மூட்டத்தில் அவசரமாகப் பிடுங்கினால் ஏறினது தண்டிலும் காம்பிலும் அப்படியே நிற்கும். கைக்குழந்தை வயிற்றில் அது நைட்ரைட்டானால் ரத்தம் பிராணவாயு சுமக்காது. நம் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. (பச்சைக் கோழி எருவை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான். இயற்கை உரம் என்று நெஞ்சு நிமிர்த்த வேண்டாம்.)

சரி, விலையைப் பாருங்கள். 2010-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலையைக் கம்பெனிகளிடம் விட்டார்கள். யூரியா விலையை மட்டும் அரசு பிடித்து வைத்திருக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூட்டையோ ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. கையில் காசில்லாதவன் எதைத் தூக்குவான்? அந்த யூரியாவுக்கும், கூட ஒரு டப்பா மருந்து வாங்கினால்தான் மூட்டை என்று கடையில் நமக்கே சொன்னார்கள்.

மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கிறது. பாய்ச்சுகிற கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு நைட்ரேட் என்பது அதில் இல்லை. ஐரோப்பாவில் பாலக்கீரைக்கு கிலோவுக்கு 3500 மில்லிகிராம் என்று வரம்பு கட்டிச் சோதிக்கிறார்கள். நம் கீரையை உழவர் சந்தையில் சோதித்துச் சொல்ல ஆள் உண்டா?

நம் பங்குக்கு, பறிப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே மேலுரத்தை நிறுத்துவோம். தொழு உரத்தை அடியுரமாகப் போடுவோம். வெயில் குடித்த பின் சாயங்காலம் பறிப்போம். இதனால் கட்டு கொஞ்சம் மெலியும். மெலிந்த கட்டுக்கும் கட்டுபடியாகிற விலை வேண்டும், பொட்டாஷ் மானியம் உயர வேண்டும், கிணற்று நீரை இலவசமாகச் சோதிக்க வேண்டும், உரத்தோடு மருந்தைத் திணிப்பது நிற்க வேண்டும்.

வேளாண் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சங்கம் கூப்பிடும் நாளில் திரண்டு வாருங்கள். ஆளுக்கொரு கட்டுக் கீரையும் கையில் இருக்கட்டும், அங்கேயே சோதிக்கச் சொல்லுவோம்.