நடக்க உரிமை உண்டு, நிலம் யாருக்கு?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நேர்ன் என்ற ஊரில் தொடங்கி, மேற்கே கிளென்கோ அருகே முடிகிறது 'கோஸ்ட் டு கோஸ்ட்' பந்தயம். 105 மைல். ஓட்டம், மிதிவண்டி, மலைநடை, கடைசியில் துடுப்புப் படகு. என் நண்பர் ஒருவர் கலந்துகொண்டார். மாற்றுத் துணியும் சோற்றுப் பொட்டலமுமாக நான் காரில் பின்னால் போனேன்.

"மனிதத் தடமே படாத மலை" என்று வழியெல்லாம் வியந்தார்கள். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்தியது.

நேர்னுக்கு அருகில்தான் கல்லோடன் போர்க்களம். 1746இல் மலைநாட்டுக் குலங்களின் படை அங்கே நொறுக்கப்பட்டது. வழியில் வரும் ஃபோர்ட் அகஸ்டஸ், ஃபோர்ட் வில்லியம் இரண்டுமே மலைநாட்டவரை அடக்கிவைக்க எழுந்த கோட்டைகள். பந்தயம் முடியும் கிளென்கோவில் 1692இல், விருந்தாளிகளாகத் தங்கியிருந்த படையினரே தங்களுக்குச் சோறு போட்ட மக்டொனால்டு குலத்தவரைக் கொன்றார்கள்.

பிறகு வந்தது வெளியேற்றம். உழுகுடிகள் தரும் குத்தகையைவிடச் செம்மறி ஆட்டுப் பண்ணை தரும் குத்தகை அதிகம். ஆகவே நிலப்பிரபுக்கள் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குடிகளை விரட்டினார்கள். 1814இல் வடக்கே ஸ்ட்ராத்நேவரில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட பண்ணை அதிகாரி பேட்ரிக் செல்லாரை 1816இல் இன்வர்நெஸ் நீதிமன்றம் விடுவித்தது. நடுவர் குழுவில் நிலவுடைமையாளர்களே மிகுதி.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். 1968இல் 44 பேரை எரித்த கீழ்வெண்மணி எங்கள் பக்கம்தான். அந்த வழக்கிலும் உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்தது. இன்வர்நெஸ் தீர்ப்பு எனக்குப் புதிதாகவே தெரியவில்லை.

இன்வர்நெஸுக்கு வடக்கே ஃபைரிஷ் குன்றின் மேல் ஒரு கல் வளைவு நிற்கிறது. அது நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் கட்டப்பட்டது. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த தளபதி ஹெக்டர் மன்றோ தன் வெற்றியின் நினைவாக எழுப்பியது. அவர் அந்தப் பகுதியின் நிலப்பிரபு. 1792இல் அந்த வட்டாரக் குடிகள்தான் ஆட்டு மந்தைகளை மலையைவிட்டு ஓட்டிப் போராடினார்கள். படை வந்து அவர்களை ஒடுக்கியது. எங்கள் ஊரைப் பிடித்த கையும் அவர்கள் நிலத்தை வைத்திருந்த கையும் ஒன்றுதான்.

இதனால் இரண்டு துயரமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. விரட்டப்பட்ட மலைநாட்டவர் பலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகளின் மண்ணில் நில உரிமையாளர்களாக ஆனார்கள். கப்பல் ஏறியதும் அவர்களுடைய பழைய தாழ்வு கழன்றது. சாதி அப்படிக் கழல்வதில்லை. நம்மவர் கப்பல் ஏறினால் அதுவும் கூடவே ஏறுகிறது. மிதிபட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடும் நோய் மட்டும் இரண்டு இடத்திலும் உண்டு. அதை நாம் மறைக்கக் கூடாது.

இன்று இந்தப் பந்தயம் யாருடைய பண்ணை வழியாகவும் தடையின்றிப் போக முடிவதற்கு ஒரு சட்டத்தின் துணை உண்டு. 2003இன் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் யாருடையதாக இருந்தாலும் பொறுப்போடு நடந்துபோக எவருக்கும் உரிமை தருகிறது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த என் தாத்தாவை நினைத்தேன். அவருக்கு இதுவே பெரிய விடுதலையாக இருந்திருக்கும்.

ஆனால் அங்கே நிலம் இன்னும் சிலர் கையில்தான். தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐநூறுக்கும் குறைவான உரிமையாளர்களிடம் இருக்கிறது. 1997இல் எய்க் தீவு மக்கள் தங்கள் தீவைத் தாங்களே விலைகொடுத்து மீட்டார்கள். அதுபோன்ற மீட்புகள் நடந்தும் பெருநிலவுடைமை அசையவில்லை.

தெருவில் நடக்கும் உரிமைக்காக நாம் ரத்தம் சிந்தியிருக்கிறோம். அது முதல் படி. அந்தத் தெருவுக்கு அப்பால் உள்ள வயலைக் கேட்பது அடுத்த படி. முதல் படியிலேயே நம்மைப் பாராட்டி உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். உட்காரக் கூடாது தோழர்களே.