காதலுக்கும் ஓர் ஊர் வேண்டும்

பேலியகொடையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற யுவதியொருத்தி ரமணிசந்திரனில் மூழ்கியிருக்கக் கண்டேன். அதனை இகழமாட்டேன்; ராஜேஷ்குமாரின் மர்ம நாவலால் இறங்குமிடத்தைத் தவறவிட்டவன்தான் நானும். ஆயினும், அவமதிப்பைப் பொறுத்துக்கொண்ட பெண்ணுக்குத் திருமணமே பரிசு என்னும் ஆறுதலில் எனக்கு உடன்பாடில்லை. அக்கதைகளில் நம் ஊர்களும் இல்லை.

ஆற்றைக் கடந்தால் கிராண்ட்பாஸ். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த எழுபதுகளில், வீரகேசரி அங்கிருந்து ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. 1973இல் வந்தவை 'நிலக்கிளி'யும் 'வாடைக்காற்றும்'. பாலமனோகரன் வன்னியின் தண்ணிமுறிப்பையும், செங்கை ஆழியான் நெடுந்தீவையும் காதலின் களமாக்கினர். விறுவிறுப்புக்கும் குறைவில்லை, 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமுமாயிற்று.

அந்தப் பிள்ளையிடம் இவற்றின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்குமா என்று கேட்டுவிடுவாளோ எனத் தயங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது.